தீருவின் சரக்குப் பட்டியல்

பள்ளிப் பருவத்தில் மேடையேறிக் கை ஓங்கிப் பேசிப் பழகிய என் வயதுத் தோழர்களே, தோழிகளே! நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட மூன்று காரணங்களை அடுக்கி, முடிவுரை சொல்லி, அதன் பிறகே உப்பு கேட்கிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கைத்தட்டலின் சுவை அறிந்த நாக்கு வேறெப்படிப் பேசும்? என் வெற்றிகளைப் பற்றி உங்களிடம் நான் பலமுறை அளந்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இதுவரை சொன்னதில்லை. முதல் பரிசு வாங்கிய கையோடு ஆறு நாள் சோறு இறங்காமல் கிடந்த ஒரு கோடையை இன்று சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆம்பூருக்கு அருகே, பாலாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. கழிவுநீரைச் சுத்திகரிக்க வழி செய்யும்வரை இயங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பல மூடிக் கிடந்தன.

ரயிலில் எங்கள் ஊரைக் கடந்தவர்கள் மூக்கைப் பொத்தாமல் கடந்திருக்க மாட்டார்கள். ஊறிய தோல், சுண்ணாம்பு, மரப்பட்டைச் சாறு, உப்பு எல்லாம் கலந்த வாடை அது. அதற்குள்ளேயே பிறந்த எங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் கோடையில் அது விலகிய பிறகுதான், வேப்பம்பூவுக்கு மணம் உண்டு என்பதையே நான் அறிந்தேன். கம்பெனிச் சங்கும் ஊதவில்லை. சங்கொலி கேட்டு உலை வைத்துப் பழகிய பெண்கள் நேரம் தவறினார்கள். தெருவெல்லாம் சோறு குழைந்தது. பகலில் ஆண்கள் வீட்டிலிருந்தார்கள். எங்கே நிற்பது என்று தெரியாதவர்கள்போல் வாசலுக்கும் குழாயடிக்குமாக நடந்தார்கள். கேட்காமலே குடங்களைத் தூக்கிக் கொடுத்தார்கள். “இந்த ஆம்பளைங்க பேஜாரு தாங்கலப்பா” என்று பெண்கள் சலித்துக்கொண்டார்கள். ஆனால் குடத்தைத் திரும்பப் பிடுங்கவில்லை.

அப்படி வீட்டிலிருந்தவர்களில் ஒருவர் என் உயிர்த் தோழியின் தந்தை. தோழி அவரை நைனா என்பாள். நான் அங்கிள் என்பேன். கம்பெனியில் அவருக்கு பேக்கிங் செக்‌ஷன். பதப்படுத்திய தோலைக் கட்டி மரப்பெட்டியில் அடைத்த பின், எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டிமேல் வைத்துக் கறுப்பு மை தேய்த்து, அது சேர வேண்டிய துறைமுகத்தின் பெயரைப் பதிப்பது அவர் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் முதல் எழுத்தின் வடிவத்தை வைத்தே ஒவ்வொரு துறைமுகத்தையும் முகம் பார்த்து அடையாளம் சொல்வதுபோல் சொல்வார்.

“ஹாம்பர்க்னா மொதல்ல ஏணி மாதிரி ஒண்ணு நிக்கும் பாப்பா. ரோட்டர்டாம்னா ஒருத்தன் கால நீட்டிக்கினு உக்காந்திருப்பான். ஜெனோவா தூண்டில் முள்ளு.”

உடைந்த பெட்டிப் பலகைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவர்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் கதவில் பாதி ஹாம்பர்க் இருந்தது. தண்ணீர்க் குடங்கள் ரோட்டர்டாம்மேல் நின்றன. அந்தப் பலகைகளுக்கு இடையே அமர்ந்துதான் நானும் தோழியும் படித்தோம், சண்டையிட்டோம், தோல் துண்டுகளை வெட்டிப் புத்தகத்துக்கு அடையாளப் பட்டை செய்தோம்.

இதற்கு நேர் எதிரே நின்றவர் என் தாய்மாமன். ஆற்றோரம் அவருக்கு நிலம். அவருடைய கிணற்று நீர் டீ நிறத்துக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாடுகள் தொட்டியில் வாய் வைத்து, தலையை உதறிக்கொண்டு விலகின. தென்னைகள் குருத்திலிருந்து கருகின. தொழிற்சாலைகளை மூட உத்தரவு வந்த அன்று, மாமா அரைக் கிலோ ஜாங்கிரியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் கேட்டதில்லை. நானும் இரண்டு தின்றேன். தின்ற கையோடு தோழி வீட்டுக்கு ஓடினேன். அவள் என் விரலை மோந்து பார்த்தாள்.

“இன்னாடி விசேஷம்?”

“சும்மாதான்” என்றேன்.

நான் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய பொய் அதுதான். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

மே மாதம் எங்கள் சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பத்து நாள் பாட்டும் கதையும் ஆரஞ்சு நிறச் சர்பத்தும். நிறைவு நாளான ஞாயிறு மாலை, வேதப் பகுதியை மனனம் செய்து உணர்ச்சியோடு ஒப்புவிக்கும் போட்டி. மூன்று ஆண்டுகளாக முதல் பரிசு என்னுடையது. வட்டாரப் பள்ளிகளின் பேச்சுப் போட்டிகளிலும் நான் விட்டுவைத்த கோப்பைகள் குறைவு. சபையில் ஆயராக இருந்தவர் அரக்கோணத்துப் பக்கத்திலிருந்து அந்த ஆண்டுதான் மாறுதலாகி வந்திருந்தார். மென்மையானவர். என்னை அழைத்து, காலத்துக்கேற்ற பகுதியாக ஒன்றைச் சொல்லச் சொன்னார்: எசேக்கியேல் தீர்க்கதரிசி தீரு நகரத்துக்காகப் பாடிய புலம்பல்.

தீரு, கடலின் நடுவே பாறைமேல் நின்ற வணிக நகரம். உலகமே அதன் சந்தையில் வாங்கிற்று, விற்றது. அதைத் தீர்க்கதரிசி ஓர் அழகிய கப்பலாகப் பார்க்கிறார். எந்த மலையின் மரத்தால் அதன் பலகைகள், எந்த நாட்டுச் சணலால் அதன் பாய் என்று தொடங்கி, எந்த தேசம் எந்தச் சரக்கோடு அதன் துறைக்கு வந்தது என்று நிதானமாக எண்ணிக்கொண்டே போகிறார். தர்ஷீசிலிருந்து வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம். தொகர்மாவிலிருந்து குதிரைகள், கோவேறு கழுதைகள். தேதானிலிருந்து தந்தமும் கருங்காலியும். தமஸ்குவிலிருந்து திராட்சரசமும் வெள்ளைக் கம்பளியும். இப்படியே நீளும் பட்டியல். எல்லாம் ஏறிய பிறகு நடுக்கடலில் ஒரு காற்று வருகிறது, கப்பல் உடைகிறது.

தோழியின் வீட்டில்தான் பயிற்சி. வேதாகமத்தை மடியில் விரித்து, நான் தவறும் இடத்தில் அவள் எடுத்துக் கொடுப்பாள். தவறை அவள் திருத்தும் முறை கண்டிப்பானது. “கழுத விட்டுட்டடி, கழுத” என்பாள், என்னைப் பார்த்தே. வாசற்படியில் பீடி பற்ற வைக்காமல் விரலிடையே உருட்டிக்கொண்டிருந்த அவள் தந்தை, மூன்றாம் நாள் உள்ளே தலையை நீட்டினார்.

“பாப்பா, அந்தச் சரக்கெல்லாம் வருதே, அத மறுபடி சொல்லு.”

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“தீருன்றது எந்தப் பக்கத்து போர்ட்டு? நான் அந்தப் பேரு அடிச்சதே இல்லியே.”

“அது அழிஞ்சு போச்சு நைனா. ரொம்ப காலம் ஆச்சு” என்றாள் தோழி.

“அழிஞ்சு போச்சா?” பீடியைக் காதில் செருகிக்கொண்டார். “இம்மாஞ் சரக்கு. குதுர வேற. பேக்கிங் செக்‌ஷன் ஆளுங்க செத்திருப்பானுங்க.”

தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். பட்டியலை மட்டும் கேட்பார். காற்று வரும் இடத்தில் எழுந்து போய்விடுவார். “ஞாயித்துக்கெழம முன்னாடி பெஞ்சுல உக்காந்து முழுசா கேக்குறேன்” என்றார். அந்த வாரம் அவர் எதிர்பார்த்திருந்த நல்ல விஷயம் வேறொன்றும் இல்லை என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனி இப்போதைக்குத் திறக்காது என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்ததும், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டுக் கட்டும் வேலைக்கு அவர் ஒப்புக்கொண்டிருந்ததும், அடுத்த சனிக்கிழமை குடும்பமே ஊரைவிட்டுக் கிளம்பவிருந்ததும் எனக்குத் தெரிந்தே இருந்தன. தெரிந்ததற்கும் உணர்ந்ததற்கும் இடையே எத்தனை தூரம், பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் ஆயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம். அனுமதி ஐந்துதான்.

“அந்தச் சரக்குப் பட்டியல எடுத்துடும்மா. பேரெல்லாம் யாருக்கும் புரியாது. வீழ்ச்சிதான் முக்கியம். அதுலதான் எச்சரிப்பு இருக்கு.”

வீட்டுக்கு வந்த மாமா அதைக் கேட்டு மகிழ்ந்தார். “கரெக்டா சொன்னாரு. கண்ணு, பட்டியல் போனா ரெண்டு நிமிஷம் மிச்சம் இல்ல? அதுல நம்ம ஊரச் சொல்லு. நீதான் சொந்தமா எழுதிப் பேசுவியே.”

நான் எழுதினேன். கண்ணாடி முன் நின்று விரல் நீட்டும் கோணத்தையும் பழகினேன். தோழியிடம் சொல்லவில்லை. அவள் எடுத்துக் கொடுக்க வேண்டிய வரி எதுவும் இனி அதில் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை ஆலயம் நிறைந்திருந்தது. மின்விசிறிகள் சூடான காற்றைக் கிளறிக்கொண்டிருந்தன. முன்வரிசையில், கஞ்சி போட்டு விறைத்த வெள்ளைச் சட்டையோடு தோழியின் தந்தை. அருகில் தோழி. பின்வரிசைகளில் கம்பெனி ஆட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும். வலப்பக்கம் மாமா.

என் குரல் அன்று எடுத்த எடுப்பிலேயே ஏறிற்று. கப்பலைக் கட்டினேன், பாய் விரித்தேன். தோழியின் தந்தை இருக்கையில் சற்று முன்னே நகர்ந்து, கண்களை மூடினார். நான் பட்டியலைத் தாண்டி நேரே காற்றுக்குப் போனேன். கப்பலை உடைத்தேன். அவர் கண் திறந்து, எதையோ தவறவிட்டவர்போல் மகளைப் பார்த்தார். நான் நிற்கவில்லை. விரல் நீண்டது.

“தோலை விற்று ஆற்றைக் கெடுத்த ஊரே! பாலாற்றங்கரைத் தீருவே! உன் சங்கு ஊதாது. உன் வாசல் திறவாது. உன்னைத் தேடுவோர் உன்னைக் காணார்!”

எவ்வளவு கைத்தட்டல் என்கிறீர்கள்! மாமா எழுந்து நின்று தட்டினார். ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்வரிசைகளில் தட்டல் சற்றுத் தயங்கி, பிறகு மரியாதைக்குச் சேர்ந்துகொண்டது. தோழியின் தந்தையும் தட்டினார். தோழி எழுந்து, நடுப்பாதை வழியே வெளியே நடந்தாள்.

எவர்சில்வர் தூக்குச் சட்டியைப் பரிசாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். தோழியின் தந்தை மகளோடு மரத்தடியில் காத்திருந்தார்.

“நல்லா சொன்ன பாப்பா.” பிறகு, குரலைத் தாழ்த்தி, “சரக்கெல்லாம் எங்க?” என்றார்.

நேரம் போதவில்லை என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். தோழிதான் திரும்பினாள்.

“உங்க மாமா கெணறு நாறிப்போச்சு. நெஜம்தான். நான் இல்லன்னு சொல்லல. எங்க நைனா அதுல சாயம் ஊத்துனாரா? பேரு அடிச்சாரு. எங்களப் பாத்து வெரல நீட்டுறதுக்கா ஒரு வாரமா என்னை வரி எடுத்துக் குடுக்க வெச்ச?”

நான் வாதிடத் தெரிந்தவள். எதிரணியின் முதல் வரியிலேயே ஓட்டையைக் கண்டுபிடிப்பவள். அன்று தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

“போடி” என்றாள். அதன் பிறகு பேசவில்லை. மறுநாள் போனேன், உள்ளே போய்விட்டாள். செவ்வாய் போனேன், கோழிக்கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமை வந்துவிட்டால் அந்த முதுகோடுதான் அவளை நான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். திருப்பூர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியாது.

வியாழனன்று மாமாவின் நிலத்துக்குப் போனேன். எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான் என்று அவரிடம் சண்டையிடும் எண்ணம். அவர் கிணற்று மேட்டில் அமர்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன் அவரே பேசினார்.

“ஒரு நல்ல மழ பெஞ்சா போதும் கண்ணு. தெளிஞ்சிடும். இந்தக் கெணத்துத் தண்ணியில கரும்பு வெச்சேன். அந்த மூலையில மல்லி, உங்கம்மா கல்யாணத்துக்கு இங்கருந்துதான் பூ போச்சு. தெக்கால வாழ. தென்ன மட்டும் நாப்பது. ஒவ்வொண்ணுக்கும் உங்க தாத்தா ஒரு பேரு வெச்சிருந்தாரு.”

அந்தப் பெயர்களைச் சொன்னார். ஒன்று செல்லி, ஒன்று கிழவி, ஒன்று போலீஸ்காரன். சொல்லச் சொல்ல அவர் குரல், ஜாங்கிரி கொண்டுவந்த அன்று நான் கேட்ட குரலாக இல்லை. இறந்தவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே அழுகிறவர்களின் குரலாக இருந்தது. மாமாவின் கணக்கு தப்பிற்று என்பதைப் பின்னாளில் பார்த்தேன். பல மழை பெய்தும் அந்தக் கிணறு தெளியவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்து தொழிற்சாலைகள் மீண்டும் திறந்தன; போனவர்கள் பலர் திரும்பவில்லை. ஆயரையும் இன்று நான் குறை சொல்லத் துணியேன். புலம்பலை எச்சரிக்கை என்று எண்ணிவிட்டார். வீழ்ந்த நகரத்திடம் என்னென்ன இருந்தன என்று குதிரை, கழுதைவரை எண்ணிச் சொன்ன தீர்க்கதரிசி அந்த நகரத்தை வெறுத்திருக்க முடியுமா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அன்று நான் மாமாவிடம் சண்டையிடவில்லை. “அங்கிள் கிட்ட பட்டியலச் சொல்லப் போறேன் மாமா. நம்ம ஊரோடதையும் சேத்து” என்றேன்.

வெகுநேரம் மண்கட்டி ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார். “என் கெணத்தையும் சொல்லு” என்றார். “அத விட்டுட்டு அவங்களுத மட்டும் சொல்லாத.”

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டின் முன் லாரி நின்றது. முன்பு கம்பெனிச் சரக்கை ஏற்றிய லாரிதான். கோவைப் பக்கம் காலியாகப் போவதால் ஓட்டுநர் பாய் இவர்களை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்தார். பீரோ, கட்டில், அம்மி, கூடையில் கோழிகள் எல்லாம் ஏறிவிட்டன. தோழி லாரியின் பின்பலகையில் கால் தொங்கவிட்டு அமர்ந்து, என்னைப் பாராமல் தெருவைப் பார்த்தாள். அவள் தந்தை கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“அங்கிள், அன்னிக்கு விட்டதச் சொல்றேன்.”

அவர் கயிற்றை விடவில்லை. “சொல்லு பாப்பா.”

தெருவில் நின்றேன். கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தொங்கின. தர்ஷீசின் வெள்ளியில் தொடங்கினேன். குதிரைகள் வந்தன, கழுதைகளும் வந்தன, தந்தம் வந்தது, வெள்ளைக் கம்பளி வந்தது. காற்று வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்காமல் எங்கள் ஊருக்குள் நுழைந்தேன்.

“ஹாம்பர்க்குக்குக் கறுப்புத் தோல் போயிற்று. ரோட்டர்டாமுக்குப் பழுப்புத் தோல் போயிற்று. ஜெனோவாவுக்குச் செருப்புத் தோல் போயிற்று.”

“கையுறைத் தோல்” என்றாள் தோழி, தெருவைப் பார்த்தபடியே.

திருத்திச் சொன்னேன். “ஜெனோவாவுக்குக் கையுறைத் தோல் போயிற்று. என் மாமாவின் கிணறு டீ நிறமாயிற்று. அதில் தண்ணீர் குடித்த தென்னைகள் நாற்பது. செல்லி போயிற்று, கிழவி போயிற்று, போலீஸ்காரன் போயிற்று.”

கயிறு அசையாமல் நின்றது. “அந்தத் தோப்பு எளநி நான் குடிச்சிருக்கேன்” என்றார் தோழியின் தந்தை. “மை வேலை பாத்தா தொண்ட காயும். உங்க தாத்தா வெட்டிக் குடுப்பாரு. காசு வாங்க மாட்டாரு.” தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குமேல் நான் எழுதிவைத்திருந்தது முடிந்துவிட்டது. தோழி பலகையிலிருந்து குதித்து இறங்கினாள்.

“நீ இரு. நான் சொல்றேன். சுண்ணாம்புத் தொட்டியில நின்னு பக்கத்து வீட்டு அத்தைக்கு கால் நகம் போச்சு. உப்புத் தூக்கி மேஸ்திரிக்கு முதுகு போச்சு. பட்டை எடுத்தாந்த வண்டிமாடு ரெண்டு. பண்டிகைக்கு பண்டிகை எங்களுக்கு புதுச் செருப்பு.”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். குழாயடியிலிருந்து இரண்டு பெண்கள் குடத்தோடு நெருங்கி வந்து, அவள் விட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். பாய் என்ஜினை முடுக்கினார்.

“இரு பாய்” என்று கையை உயர்த்தினார் தோழியின் தந்தை. “இன்னும் முடியல.”

என்ஜின் அணைந்தது. பாய் இறங்கி வந்து சக்கரத்தருகே நின்றார். சற்று நேரம் கேட்டார். பிறகு, தான் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போன லோடுகளை, ஒவ்வொன்றாக, தாழ்ந்த குரலில் அவரும் சொல்லத் தொடங்கினார்.

தோழி என் இடுப்பில் முழங்கையால் இடித்தாள்.

“எழுதிக்கடி. நீதான் எதையாவது வெட்டிடுவியே” என்றாள்.